பெயர்ந்த ஆலயங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வட அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய தேவாலயக் கட்டடங்களை வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றும் முயற்சிகள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், ஒத்தவற்றைச் சேர்த்து ஒன்பது கேள்விகளாக்கி இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஒன்ராறியோவின் லண்டன் நகரில் உள்ள ‘தப்பிவந்த அடிமைகளின் சிற்றாலயம்’ 2014இல் ஒரு முறையும் 2022இல் மறுமுறையும் இடம் மாற்றப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். காப்பாற்றுவதென்று முடிவெடுத்தவர்கள் ஒரே தடவையில் சரியான இடத்துக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? முதல் தடவை செய்தது பிழையா?

பதில்: பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்டடத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்காவிலிருந்து தப்பி எல்லையைக் கடந்து வந்தவர்களுக்குக் கனடா புகலிடமாயிற்று. அப்படி வந்தவர்களும் அவர்களுக்கு முன்பே குடியேறியிருந்தவர்களும் சேர்ந்து, 1840களின் பிற்பகுதியில் லண்டனின் தேம்ஸ் தெருவில் நிலம் வாங்கி, மரத்தால் ஒரு சிறிய ஆலயத்தைக் கட்டினார்கள். அது ஆப்பிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபையின் தலைமை அமெரிக்காவில் இருந்தது; மாநாடுகளும் அங்கேயே நடந்தன. 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் தப்பியோடியவர்களைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டத்தைக் கடுமையாக்கியதும், மாநாட்டுக்குப் போகும் கனடிய உறுப்பினர் ஒருவர் மீண்டும் சங்கிலியில் மாட்டிக்கொள்ளக்கூடிய நிலை உருவானது. ஆகவே 1856இல் கனடியச் சபைகள் பிரிந்து, பிரித்தானிய மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் சபை என்ற பெயரில் தனியே இயங்கத் தொடங்கின.

1860களின் இறுதியில் லண்டன் சபையார் கிரே தெருவில் பெத் இம்மானுவேல் என்ற பெரிய ஆலயத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். தேம்ஸ் தெருக் கட்டடம் விற்கப்பட்டுக் குடியிருப்பு வீடாகியது. நூறாண்டுக்கு மேல் அது வீடாகவே இருந்ததால், அதைக் கடந்து போனவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். 2013இல் அதை இடிக்க அனுமதி கேட்கப்பட்டபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. சபையாரும் நகரத்து வரலாற்று ஆர்வலர்களும் பணம் திரட்டி, 2014 நவம்பரில் கட்டடத்தை முழுதாகத் தூக்கிக் கிரே தெருவுக்குக் கொண்டுபோய், பெத் இம்மானுவேல் ஆலயத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். வயதான தாயை அழைத்துவந்து மகளின் வீட்டில் இருத்தியது போன்ற ஏற்பாடு அது. அதைவிடப் பொருத்தமான இடத்தை அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் இடத்தின் பொருத்தம் மட்டும் கூரையை ஒழுகாமல் காக்காது. ஞாயிறு காணிக்கையில் வாழும் ஒரு சபைக்கு, தான் வழிபடும் பழங்கட்டடத்தோடு இன்னொரு பழங்கட்டடத்தையும் தாங்குவது பெருஞ்சுமை. எட்டு ஆண்டுகள் கடந்தும் முழுமையான சீரமைப்பு கைகூடவில்லை. பிறகு 2022 நவம்பரில் மறுபடியும் அதைத் தூக்கி, நகரின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள ஃபான்ஷோ பயனியர் கிராமம் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய கட்டடங்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட இடம் அது. 2014ஆம் ஆண்டுப் பயணம் நடந்திராவிட்டால் 2022இல் தூக்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் நகர்த்தல் வாங்கித் தந்தது காலத்தை. இத்தகைய முயற்சிகளில் பல முதலில் வாங்குவது அதைத்தான்.

கேள்வி: ஒரே மதம், ஒரே வேதம். கறுப்பின மக்களுக்கு ஏன் தனித் தேவாலயங்கள் தேவைப்பட்டன?

பதில்: பிலடெல்பியாவின் புனித ஜோர்ஜ் மெதடிஸ்த ஆலயத்தில், முழந்தாளிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்த கறுப்பினத்தவரை அவர்களுக்கு ஒதுக்கப்படாத இடத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாதி ஜெபத்தில் எழுப்பினார்கள். எழுந்தவர்கள் திரும்பி அமரவில்லை, ஒன்றாக வெளியேறினார்கள். அவர்களில் இருவர் அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் அலன் ஆகியோர். அலன் அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் தன் விடுதலையைத் தானே வாங்கியவர்.

இந்தப் பகுதியின் பொருளுக்கு நெருக்கமான செய்தி இனித்தான் வருகிறது. அலன் ஆறாம் தெருவில் ஒரு மனையை வாங்கினார். கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. பழைய கொல்லன் பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கி, குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து அந்த மனையில் நிறுத்தி, ஆலயமாக மாற்றினார். 1794 ஜூலையில் அது அர்ப்பணிக்கப்பட்டது. பெத்தேல் என்ற பெயரில் இன்றும் அதே மனையில் சபை நடக்கிறது. இப்போதுள்ளது அங்கே எழுந்த நான்காவது கட்டடம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் இடையறாது உரிமை வைத்திருக்கும் மிகப் பழைய நிலம் அது என்று சொல்லப்படுகிறது. அந்த மரபின் முதல் ஆலயமே நகர்த்திக் கொண்டுவரப்பட்ட ஒரு கட்டடம் என்பதைக் கட்டட நகர்த்தலைக் குறை சொல்வோரிடம் நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவி. ஒரு மர ஆலயத்தைக் குலையாமல் தூக்கி, சாலை வழியே கொண்டுபோய், வேறிடத்தில் இறக்குவது நடைமுறையில் எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், மகிழ்ச்சியோடு. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது ஒரு நாள் காட்சி. செய்பவர்களுக்குப் பல மாத வேலை.

முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். மரக் கட்டடத்தின் சுவர்க்கால்கள் எல்லாம் அடித்தளத்தின் மேல் படுத்திருக்கும் ஒரு பருத்த உத்திரத்தில் நிற்கின்றன. மழைநீரும் கரையானும் நூற்றைம்பது ஆண்டுகளாக வேலை செய்திருப்பது அங்கேதான். அது உளுத்திருந்தால், தூக்கும்போது சுவர் மேலே வரும், அடிச்சட்டம் கீழேயே தங்கிவிடும். ஆகவே உளுத்த பகுதிகளை வெட்டி எடுத்துப் புதுமரம் பொருத்துவது நகர்த்தலுக்கு முன்பே நடந்தாக வேண்டும். புகைபோக்கி செங்கல்லாயின் பெரும்பாலும் கழற்றப்படும். மணிக்கூண்டு உயரமாக இருந்தால் அதுவும் தனியே இறக்கப்படும். சன்னல், கதவுத் திறப்புகளுக்குள் குறுக்குச் சட்டங்கள் அடித்து, சுவர் சாய்சதுரமாக நெளியாதபடி இறுக்குவார்கள்.

அடுத்து, அடித்தளச் சுவரில் துளைகள் போட்டு நீண்ட இரும்பு உத்திரங்களை உள்ளே செலுத்துவார்கள். கட்டடத்தின் நீளவாக்கில் இரண்டு முதன்மை உத்திரங்கள், அவற்றின் மேல் குறுக்கே பல சிறு உத்திரங்கள் என்று ஒரு இரும்புக் கட்டில் கட்டடத்தின் அடியில் உருவாகும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கிப்போக, இத்தொழிலில் பலரும் இன்றும் தேய்ப்பது சாதாரணச் சவர்க்காரக் கட்டியைத்தான் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. மசகு எண்ணெய் வழிந்து அழுக்காகும். சவர்க்காரம் போட்ட இடத்தில் இருக்கும்.

பிறகு தூக்குதல். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக்கட்டைகளின் மேல் நீரழுத்தத் தூக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தோடு குழாய்களால் இணைப்பார்கள். ஒரு மூலை கனமாகவும் மறுமூலை லேசாகவும் இருந்தாலும் எல்லாத் தூக்கிகளும் ஒரே அளவு உயர வேண்டும் என்பதே அந்த இயந்திரத்தின் பணி. ஒரு மூலை சற்று முந்தினால் உட்பூச்சு வெடிக்கும், சன்னல் கண்ணாடி உடையும். கொஞ்சம் தூக்கிக் கட்டை அடுக்கி, மறுபடி கொஞ்சம் தூக்கிக் கட்டை அடுக்கி, சக்கரத் தொகுதிகள் நுழையும் உயரம் வரும்வரை பொறுமையாகச் செய்வார்கள். அந்தச் சக்கரங்களும் நீரழுத்தத்தால் ஏறி இறங்கக்கூடியவை. சாலை சரிந்தாலும் கட்டடம் மட்டமாக இருக்கும்.

உண்மையான தலைவலி கட்டடத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. மின்கம்பிகளை உயர்த்தவோ துண்டிக்கவோ வேண்டும். போக்குவரத்து விளக்குகளைத் திருப்பி வைக்க வேண்டும். மரக்கிளைகளை வெட்ட வேண்டும். பாலம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிட வேண்டும். கம்பி உயர்த்தும் செலவைக் கேட்டே கைவிடப்பட்ட திட்டங்கள் உண்டு. பனி உருகும் காலத்தில் சாலையின் அடிமண் இளகுவதால், ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வசந்த காலத்தில் கனரக வாகனங்களுக்குப் பாரக் கட்டுப்பாடு இருக்கிறது. அதையும் நாள்குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின், மனிதர் நடக்கும் வேகத்தில் ஆலயம் தெருவில் வரும்.

புதிய இடத்தில் அடித்தளத்தை முன்பே முழுமையாகக் கட்டிவைப்பதைவிட, கட்டடத்தைக் கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டு அடியிலிருந்து சுவரை எழுப்பி அதன் அளவுக்குப் பொருத்துவதைப் பலர் விரும்புகிறார்கள். பழைய கட்டடம் எதுவும் வரைபடத்தில் இருப்பதுபோல் நேராக இராது அல்லவா?

துண்டு துண்டாகப் பிரித்து எண்ணிட்டுக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வழி. தென் கரோலைனாவின் எடிஸ்டோ தீவில் இருந்த அடிமைக் குடிசை ஒன்றை அப்படித்தான் பிரித்து, 2016இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். அரங்கத்துக்குள் வைப்பதற்கு வேறு வழி கிடையாது. எனினும் பிரிக்கும்போது சுவர்ப்பூச்சு போய்விடும், பழைய ஆணிகள் வளையும், முதல் தச்சனின் கைவாகு பாதி அழியும். முழுதாகத் தூக்க வழி இருக்கும்போது பிரிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கேள்வி: வரலாற்றுச் சின்னம் என்பது அது நிற்கும் மண்ணோடு சேர்ந்தது. பெயர்த்து வைத்த பிறகு அது வெறும் பழைய மரக்கட்டைதானே? அரசாங்கப் பட்டியல்கள் இதை ஏற்கின்றனவா?

பதில்: உங்கள் ஐயம்தான் அமெரிக்கச் சட்டத்தின் ஐயமும். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு, ஒரு கட்டடத்தின் மெய்ம்மையை ஏழு கூறுகளால் அளக்கிறது: அமைவிடம், வடிவமைப்பு, சுற்றுச்சூழல், கட்டுமானப் பொருள், கைவேலை, காலவுணர்வு, தொடர்பு. இடம் மாறிய கட்டடம் முதலாவதையும் மூன்றாவதையும் உடனே இழந்துவிடுகிறது. ஆகவே நகர்த்தப்பட்ட கட்டடங்களைப் பதிவேடு பொதுவாக ஏற்பதில்லை. கட்டடக்கலைக்காகவே சிறப்புப் பெற்றவை, அல்லது ஒரு வரலாற்று மனிதரோடோ நிகழ்ச்சியோடோ தொடர்புள்ள எஞ்சிய கட்டடங்களில் முதன்மையானவை என்ற விதிவிலக்குகள் உண்டு. வழிபாட்டுக் கட்டடங்களுக்கும் தனியாக ஒரு நிபந்தனை இருக்கிறது: மதச் சிறப்புக்காக அல்லாமல் கலை, கட்டடக்கலை, வரலாறு ஆகியவற்றின் சிறப்புக்காகவே அவை சேர்க்கப்பட வேண்டும். இடம் மாறிய ஆலயம் இரண்டு வாசல்களிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியது இது: ஏற்கெனவே பதிவேட்டில் உள்ள கட்டடத்தை முன் ஒப்புதலின்றி நகர்த்தினால் அதன் பெயர் தானாகவே நீங்கிவிடும். ஏன் நகர்த்த வேண்டியிருக்கிறது, அதனால் மெய்ம்மைக்கு என்ன நேரும், புதிய இடத்தின் சூழல் எத்தகையது, அந்தப் புதிய நிலத்தடியில் வேறு தொல்லியல் எச்சங்கள் இல்லை என்பதற்கு என்ன சான்று என்பவற்றையெல்லாம் எழுதி, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தின் வழியே முன்கூட்டியே அனுப்ப வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு கடிதம் எழுதிப் பயனில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்க, ‘மண்ணோடு சேர்ந்தது’ என்ற உங்கள் சொல்லை இந்த மக்களின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே, ஒன்ராறியோப் பக்கத்தில், 1836இல் கட்டப்பட்ட ஒரு கறுப்பின மெதடிஸ்த ஆலயம் 1856இல் பீயர் தெருவுக்கு நகர்த்தப்பட்டது. மரத்தடிகளின் மேல் உருட்டிக் கொண்டுவந்தார்கள் என்பது அங்குள்ள மரபு. இசையமைப்பாளர் நதானியேல் டெட் இளமையில் ஆர்கன் வாசித்த ஆலயம் அது. இன்று அவர் பெயரையே தாங்கி, கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக நிற்கிறது. அங்கே நகர்த்தல் வரலாற்றைக் குலைத்த செயலாகாமல், வரலாற்றின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. அமெரிக்காவின் 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு, செயின்ட் போலின் ரொண்டோ, மயாமியின் ஓவர்டவுன், டெட்ரோயிட்டின் பிளாக் பொட்டம் போன்ற கறுப்பினக் குடியிருப்புகள் சாலைகளுக்காகப் பிளக்கப்பட்டன, அழிக்கப்பட்டன. மண்ணை விட்டு இறங்கும்படி மறுபடி மறுபடி சொல்லப்பட்ட ஒரு சமூகத்திடம், மண்ணிலேயே நின்றிருந்தால்தான் உன் ஆலயத்துக்கு மதிப்பு என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதே இடத்தில் வைத்துக் காக்க ஏதேனும் வழி இருக்கும்வரை, நகர்த்தலைக் கடைசித் தெரிவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: லூசியானாவில் விடுதலை பெற்ற மக்கள் கட்டிய ஆலயம் ஒன்று இப்போது ஒரு பழைய அடிமைத் தோட்டத்துக்குள் நிற்கிறதாம். இது பொருந்துமா?

பதில்: விட்னி தோட்டத்தில் நிற்கும் அந்தியோக்கியா பாப்டிஸ்ற் ஆலயத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், பொலினா என்ற ஊரில், உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், 1870ஐ ஒட்டி, விடுதலை பெற்றவர்கள் அதைக் கட்டினார்கள். அதன் முதற்பெயர் ‘ஆன்ட்டி-யோக்’, அதாவது ‘நுகத்துக்கு எதிர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒலி ஒற்றுமையால், வேதத்தில் வரும் அந்தியோக்கியா (ஆங்கிலத்தில் ‘ஆன்ட்டியோக்’) என்ற ஊர்ப்பெயராக அது பின்னர் மாறியது. நேற்றுவரை தங்கள் கழுத்தில் இருந்ததைப் பெயரிலேயே எறிந்தவர்கள் அவர்கள். சபையார் தங்களுக்குப் புதிய ஆலயம் கட்டியபோது பழையதை விட்னிக்குக் கொடையாக அளித்தார்கள்.

அந்த ஆலயம் கரும்புத் தோட்டத்தின் எல்லைக்குள் நிற்பதைக் கேட்டபோது எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம், எசமானரின் மாளிகையை மையமாக வைக்காமல் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வாழ்வையே மையமாக வைக்கிறது. பார்வையாளர்கள் இந்த ஆலயத்துக்குள் நுழையும்போது சிற்பி வுட்ரோ நாஷ் செய்த குழந்தைகளின் உருவங்கள் நடைபாதையிலும் இருக்கைகளின் அருகிலும் அவர்களை எதிர்கொள்கின்றன. கொடுத்தவர்கள் அந்தச் சபையார், பிடுங்கியவர் எவருமில்லை. என் உறுத்தலை அந்த ஒன்று பெருமளவு தணித்துவிட்டது.

கேள்வி: எங்கள் நண்பர்கள் சிலர் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், கைவிடப்பட்ட சிறு கறுப்பின ஆலயம் ஒன்றை நகர்த்திக் காக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். கட்டடத்தின் உரிமையாளர் யார் என்பதிலேயே குழு சிக்கி நிற்கிறது. யாரிடம் கேட்க வேண்டும்?

பதில்: எந்தச் சபைப் பிரிவு என்பதைப் பொறுத்தது. பாப்டிஸ்ற் ஆலயமானால் சொத்து பொதுவாக அந்த உள்ளூர்ச் சபைக்கே உரியது. சபை கூடித் தீர்மானிக்கலாம். ஆப்பிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் போன்ற பிரிவுகளில் உள்ளூர்ச் சபை சொத்தை ஒட்டுமொத்தத் திருச்சபைக்காக அறக்கட்டளைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. எனவே ஆயரின், மாநாட்டின் ஒப்புதல் இல்லாமல் உள்ளூரார் மட்டும் கையெழுத்திட்டுப் பயனில்லை. இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. வெள்ளையர் தலைமையிலான மெதடிஸ்த மாநாடு பெத்தேல் கட்டடத்தின்மேல் உரிமை கொண்டாடியதை எதிர்த்து அலனின் சபை பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம்வரை போய் வென்ற பிறகுதான், 1816இல் அந்தத் தனித் திருச்சபையே அமைந்தது. கட்டடம் யாருடையது என்ற உங்கள் நண்பர்களின் கேள்வி அந்தத் திருச்சபையின் பிறப்புக் கேள்வி.

அடுத்து நிலப் பத்திரத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பல பத்திரங்களில், நூறாண்டுக்கு முன் இறந்துபோன பொறுப்பாளர்களின் பெயரில் ‘அவர்களும் அவர்களுக்குப் பின் வருவோரும்’ என்று எழுதியிருக்கும். சிலவற்றில், ஆலயமாகப் பயன்படும்வரைதான் நிலம் சபைக்கு, நின்றுவிட்டால் கொடுத்தவரின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற விதி இருக்கும். அப்படியானால் கடைசி ஆராதனை முடிந்த நாளிலேயே உரிமை கைமாறத் தொடங்கியிருக்கலாம். நிலம் போனாலும் கட்டடம் யாருடையது என்பது வேறு வழக்கு. இதற்கு அந்த மாநிலத்துச் சொத்துச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை அணுகுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் இன்னும் இருக்கும் முதியவர்களையும், வெளியூர் போய்விட்ட குடும்பங்களையும் தேடிப் பேசுங்கள். சட்டப்படி அவர்களுக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த இருக்கையில் யார் அமர்ந்தார், மணியை யார் அடித்தார், பின்கதவு ஏன் அடைக்கப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் நகர்த்தாமல் இருப்பதே முறை.

கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பகுதி விருந்து, இசை நிகழ்ச்சி, சிறு நன்கொடை என்று உள்ளூரிலிருந்தே. பெரிய நிதிகளில், அமெரிக்க வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 2022 ஜனவரியில் லில்லி அறக்கொடை நிறுவனம் அளித்த 2 கோடி டாலரைக் கொண்டு, கறுப்பின ஆலயங்களைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் முதல் சுற்றில் 35 ஆலயங்களுக்கு 40 லட்சம் டாலரும், 2025இல் 30 ஆலயங்களுக்கு 85 லட்சம் டாலரும் வழங்கப்பட்டன. பழங்கட்டடச் சீரமைப்புக்கு நடுவண் அரசு தரும் 20 விழுக்காட்டு வரிச்சலுகையை நம்ப வேண்டாம். அது வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டுமே, வழிபாடு நடக்கும் ஆலயத்துக்குக் கிடைக்காது.

சபை மறைந்துவிட்ட இடங்களில், மதம் சாராத ஒரு ‘நண்பர்கள் குழு’வை இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்தால் நிதி கேட்கும் கதவுகள் அதிகம் திறக்கும். மேரிலாந்தின் ஷார்ப்ஸ்பர்க்கில் 1866இல் கட்டப்பட்டு, விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியாகவும் இருந்த டோல்சன் ஆலயத்தை அத்தகைய நண்பர்கள் குழுவே மீட்டது. 2021இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

கேள்வி: ஆலயத்தைக் கொண்டுபோய்விடலாம். பக்கத்தில் புதைக்கப்பட்டிருப்பவர்களை என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும், அவர்களை அங்கேயே விட வேண்டும், ஆனால் கைவிட்டுவிடக் கூடாது. பழைய கறுப்பினக் கல்லறைகளில் செதுக்கிய கல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரில்லாத வயல்கல், உளுத்துப்போன மரப்பலகை, வரிசையாக வளர்ந்த யூக்கா அல்லது நித்தியகல்யாணி வகைச் செடிகள், நீள்சதுரமாக அமுங்கிய நிலம் என்பவையே அடையாளங்கள். கட்டடத்தைத் தூக்கும் முன் நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு தேடுவது நல்லது. கனரக வண்டி ஏறிய பிறகு தேடுவது பாவம்.

வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். 1776இல் தொடங்கியதாக வரலாறு சொல்லும் முதல் பாப்டிஸ்ற் சபை அங்கே நசோ தெருவில் இருந்தது. 1856இல் எழுந்த அதன் செங்கல் ஆலயம், ஊரைப் பழைய காலனிக் காலத் தோற்றத்துக்கு மீட்டமைக்கும் திட்டத்துக்காக வாங்கப்பட்டு, 1950களின் நடுவில் இடிக்கப்பட்டது. சபை வேறு தெருவுக்குப் போயிற்று. இருந்த இடம் வாகன நிறுத்துமிடமாகத் தார் பூசப்பட்டது. பழமையை மீட்கிறோம் என்று சொல்லி, அந்த ஊர் மக்களில் பாதிப்பேராக இருந்தவர்களின் பழமையை மூடிவிட்டார்கள். 2020இல் தொடங்கிய அகழாய்வில் முந்தைய ஆலயங்களின் அடித்தளங்களும் அறுபதுக்கு மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. எந்தக் குழியைத் திறப்பது, திறக்கலாமா என்பதை வழித்தோன்றல்களிடம் கேட்டே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். மூன்று உடல்களின் எலும்பும் மரபணுவும் மட்டும் ஆராயப்பட்டன.

அதே தெருமுனைக்கு 2023 பிப்ரவரியில் ஒரு கட்டடம் நகர்ந்து வந்தது. 1760இல் கறுப்பினக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட பிரே பள்ளி இயங்கிய சிறிய மரவீடு அது. வேறு கட்டடமாக உருமாறி நெடுங்காலம் அறியப்படாமல் கிடந்த அதை, மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். இடிக்கப்பட்ட ஆலயத்தின் அடித்தளத்துக்கும் அந்தப் புதைகுழிகளுக்கும் அண்மையில் இன்று அது நிற்கிறது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய படங்களைப் பார்த்து அதேபோல் ஒன்றைக் கட்டினால் செலவும் குறையும், உறுதியும் கூடும் அல்லவா?

பதில்: கூடும். கனடாவில் அப்படிக் கட்டிய ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் நகல் எதைத் தரும், எதைத் தராது என்பது விளங்கும்.

ஹலிஃபாக்ஸ் நகரின் வடக்கு விளிம்பில், கடல்நீர்க் கரையில், ஆஃப்ரிக்வில் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. நகராட்சி வரி வாங்கியது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் தரவில்லை. 1960களில், இடம் வாழத் தகுதியற்றது என்று சொல்லி, வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தது; மக்களில் சிலரின் தட்டுமுட்டுச் சாமான்கள் நகராட்சியின் குப்பை லாரிகளில் ஏற்றப்பட்டன. ஊரின் நடுவில் இருந்த சீவியூ பாப்டிஸ்ற் ஆலயத்தை 1967இல் இரவு நேரத்தில் இடித்தார்கள். அதை நகர்த்தலாமே என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. 2010 பெப்ரவரியில் நகரத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். உடன்பாட்டின் ஒரு பகுதியாக அந்த ஆலயத்தின் நகல் கட்டப்பட்டு, அருங்காட்சியகமாக இயங்குகிறது.

அந்த நகலை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. மூலக் கட்டடம் அழிந்த பிறகு வேறு எதைச் செய்திருக்க முடியும்? அது பழைய மண்ணிலேயே நிற்கிறது என்பது பெரிய விடயம். லண்டன் சிற்றாலயத்தில் பழைய மரம் இருக்கிறது, பழைய மண் இல்லை. இங்கே பழைய மண் இருக்கிறது, பழைய மரம் இல்லை. ஆனால் மரம் இன்னும் நிற்கும்போதே நகல் போதும் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்ப்பேன். பாட்டன் தொட்டு வழவழப்பாக்கிய இருக்கைக் கைப்பிடியைப் புதிய பலகையில் செய்துவிட முடியாது. நகல் கட்டலாம் என்ற யோசனை பல இடங்களில் இடிப்பவருக்கே வசதியாகிவிடுகிறது என்பதையும் பார்க்கிறோம்.

ஆஃப்ரிக்வில் மக்களோ நகலுக்காகவும் காத்திருக்கவில்லை. அது கட்டப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1980களின் தொடக்கத்திலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் கோடையில் அந்த வெற்று நிலத்தில் கூடாரம் அடித்து ஒன்றுகூடி, வழிபாடும் நடத்திவந்தார்கள். இன்றும் ஜூலை மாதத்தில் அந்தக் கூடாரங்கள் எழுகின்றன, இப்போது ஆலயத்தின் நிழலில்.